இரண்டு உனா

"எழுத்தைப் பெருசாக்கணும்" என்று எழுதிவைத்திருந்த ஐந்தாவது திருத்தத்துக்கு வந்தபோதுதான் வடிவுக்கு வேலை ஓடாமல் நின்றுபோனது. அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று தாண்டிவிட்டது, சோறு வடித்தாயிற்று, குழம்பு சிறுதீயில் கிடக்கிறது, வீட்டுக்காரர் அய்யாத்துரை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்க்கிறார், பிரஷ் சத்தம் வறட் வறட்டென்று தலைக்கு மேல் கேட்கிறது. இவள் கூடத்துக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, வீணாய்ப்போன கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் குறித்திருந்த திருத்தங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தாள். போன மாசம் அண்ணன் வீட்டில் புகைந்துபோன சர்க்யூட் போர்டை இரண்டாந்தடவை வரைகிறாள். தொட்டி நிறைந்தால் கூவுகிற போர்டு, அவ்வளவுதான். கரண்டைத் தலைகீழாகக் கொடுத்தாலும் கருகாமலிருக்க ஒரு டயோடு, அது முடிந்தது. ரிலேயை ஒட்டிக்கொண்டு நின்ற ரெசிஸ்டரைத் தள்ளி வைக்க வேண்டும், போன தடவை சால்டரிங் முனை நுழையவே மாட்டேன் என்றது, அதுவும் முடிந்தது. ஈயம் பிடிக்கிற வட்டமெல்லாம் பொடிசு, பெரிதாக்கியாயிற்று. திருகாணி ஓட்டை ஓரத்தில் கிடந்து விரிசல் விட்டது, உள்ளே இழுத்தாயிற்று. ஐந்தாவது எழுத்து. அந்த வரியை மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாள், கண்ணு தெரியாத ஆளுக்கும் தெரியணும் என்று பக்கத்தில் ஒரு ஒட்டு வேறு. யாரைச் சொன்னது என்று கேட்கவா வேண்டும், மேலே பாசி தேய்க்கிற மனுஷரைத்தான். சரி, பெருசாக்குவோம் என்று, கரண்ட் நுழைகிற இடத்துக்குப் போட்ட உ என்ற எழுத்தைத் தேடிப் பிடிக்கக் கணினியிடம் சொன்னாள். திரையில் இரண்டு இடம் மஞ்சளாக மினுக்கியது. கீழே இடது மூலையில் ஒன்று, உச்சியில் நட்டநடுவில் இன்னொன்று. ஒன்றுதானே போட்டோம் என்று அவள் முதலில் கணினியைத்தான் சந்தேகப்பட்டாள்.

உச்சியில் இருந்தது எழுத்தே இல்லை. அது பிள்ளையார் சுழி. கோவில்பட்டியில் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் பதினோரு வருஷமாகக் கணினியில் எழுத்துக் கோர்க்கிறாள், கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எதுவானாலும் வெற்றுப் பக்கத்தைத் திறந்ததும் கை தானாக உச்சிக்குப் போய் நடுவில் ஒரு உ போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். அது போட்ட மாதிரியே இருக்காது, பக்கம் என்றால் அது இருக்கும், அவ்வளவுதான். முகத்தில் மூக்கு இருக்கிறதா என்று தினமும் யார் பார்க்கிறார்கள். இந்தப் போர்டைத் திறந்தபோதும் கை அதே வேலையைப் பார்த்திருக்கிறது. பத்திரிகைக்குப் போடுகிற அதே பெரிய அளவு, அதே கொழுத்த எழுத்து. எங்கே? தொட்டியிலிருந்து வருகிற உணர்கம்பிகளைச் செருகுகிற டெர்மினலுக்குச் சரியாகத் தலைமேல். அந்த டெர்மினலுக்கு அவள் வேறு பெயர் எதுவும் போடவில்லை. கரண்ட் கொடுக்கிற டெர்மினல் கீழ் மூலையில், அதன் பக்கத்தில் அவள் யோசித்து, அளந்து, இடம் பார்த்துப் போட்ட உ, கடுகு மாதிரி. யோசித்துப் போட்டது கண்ணுக்குத் தெரியவில்லை, யோசிக்காமல் போட்டது ஊருக்கே தெரிகிறது. அய்யாத்துரை ஐந்தாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனாலேயே இங்கிலீஷ் எழுத்தெல்லாம் வேண்டாம் என்று இவள் அவருக்காகத் தமிழில் போட்டாள். உனா போட்ட எடத்துல கரண்ட் உள்ள போகணும், வெ போட்ட எடத்துல வெளிய கூவுற பஸ்ஸருக்குப் போகணும், மிச்சத்துல தொட்டிக் கம்பி, ரெண்டே ரெண்டு எழுத்துதான் என்று சொல்லி, அவரை ஒருதரம் திருப்பிச் சொல்லவும் வைத்தாள். அவரும் சொன்னார். உனா உள்ள, வெ வெளிய. அப்படியானால் அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார், வடிவு. உனாவைத் தேடினார், உனா இருந்தது, உனாவில் மாட்டினார். எழுத்துத் தெரியாதவர் கண்ணுக்கு எழுத்து தெரிந்தது, நாள் முழுக்க எழுத்திலேயே கிடக்கிறவள் கண்ணுக்கு அது தெரியவில்லை. இந்த வாக்கியத்தை எந்தப் பக்கம் புரட்டினாலும் அது அவளையே வந்து இடித்தது.

மேலே பிரஷ் சத்தம் நின்றது. இவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாளியை இழுக்கிற சத்தம், குழாயில் அழுக்குத் தண்ணீர் சளசளவென்று இறங்குகிற சத்தம். இன்னும் அரைமணி நேரமாவது ஆகும் என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அண்ணன் வீட்டுப் பால் காய்ச்சு. புது வீட்டில் பெயின்ட் வாடையும் சாம்பிராணியும் கலந்து கிடந்தது, கூடம் நிறைய ஆட்கள், மதினியின் பிறந்தவீட்டுச் சனம் முழுக்க வந்திருந்தது. எங்க வடிவு செஞ்ச மிஷினு, தொட்டி ரொம்பினா கூப்பிடும் என்று அண்ணன் ஊரைக் கூட்டியல்லவா நிற்க வைத்தார். இவளும்தான் என்ன லேசுப்பட்டவளா, ஒன்றுமில்லை அண்ணே, சும்மா பொழுதுபோக்குக்கு என்று நெளிந்துகொண்டே, இன்னும் நாலு பேர் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னாள். டிப்ளமோ படித்துவிட்டு மணமகன் மணமகள் என்று தட்டிக்கொண்டிருக்கிற வயிற்றெரிச்சலெல்லாம் அன்றைக்கு ஒருநாளில் தீர்ந்துவிடும் போலிருந்தது. மாடிப்படிக்குக் கீழே அய்யாத்துரை ஸ்டூலில் ஏறி வயரைப் பூட்டினார். சுவிட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம், வெள்ளையாக ஒரு இழை புகை, பிளாஸ்டிக் கருகுகிற வாடை. பால் பொங்கின வீட்டில் முதல் நாளே புகை. மதினியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இடத்தில், அத்தனை பேரும் தன்னையே பார்க்கிற அந்த இடத்தில், இவள் போய் எட்டிப் பார்த்து, கரண்ட் கொடுக்கிற அடாப்டர் வயர் தொட்டிக் கம்பி போகிற டெர்மினலில் இருப்பதைக் கண்டதும், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தன் போர்டில் குற்றமில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதிதான் வாயைத் திறந்துவிட்டது. ஒரே ஒரு எழுத்து, அதக் கூடப் பாத்து மாட்டத் தெரியலையா, அஞ்சாப்பு வரைக்கும் என்னத்தத்தான் படிச்சீங்க. யாரோ சிரித்தார்கள். அண்ணன்கூடச் சிரித்தாரோ என்னவோ. அய்யாத்துரை ஸ்டூலிலிருந்து இறங்கி, ஸ்குரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, என் தப்புதான் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, போட்டதைச் சாப்பிட்டார். இவளுக்கும் மறந்துவிட்டது, அதாவது மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டாள். மறுவாரம்தான் கான்ட்ராக்டர் ஜெபராஜ் அண்ணாச்சி சொல்லித் தெரிந்தது, அய்யாத்துரை இனிமேல் மில்லில் கரண்ட் பேனல் பூட்டுகிற வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பதினெட்டு வருஷமாக மில்லு மில்லாகப் போய்ப் பேனல் பெட்டிக்குள் தலையைவிட்டு ஒவ்வொரு வயரையும் இடம் பார்த்து, எழுத்துப் பார்த்து, நிறம் பார்த்துப் பூட்டுகிற கை. அந்தக் கை இப்போது சுவர் கொத்துகிறது. பைப் புதைக்கிறது. சின்னப் பையன்கள் செய்கிற வேலை. எழுத்துப் பாக்குற வேலை நமக்கு எதுக்கு அண்ணாச்சி, தப்பாயிருச்சுன்னா கரண்டு ஆளையே அடிச்சிரும் என்று சொன்னாராம். அந்த மனுஷர் பூட்டின பேனலில் பதினெட்டு வருஷத்தில் ஒரு ஃப்யூஸ்கூடத் தப்பாகப் போனதில்லை. சாயங்காலம் சிமென்ட் தூசியோடு வந்து நிற்கும்போது இவள் தோளைத் தட்டிவிடுவாள், பேனல் வேலைக்குப் போகலாமுல்ல என்பாள், அவர் இது நல்லாத்தான் இருக்கு என்பார். முந்தியெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் வருகிற பஸ்ஸின் போர்டை உதட்டுக்குள்ளே கூட்டிப் படித்து, இவள் சொல்வதற்கு முன்னால் ஊரைச் சொல்லிவிட்டு மீசைக்குள் சிரிப்பார். இப்போது பஸ் வந்தால் இவள் முகத்தைப் பார்க்கிறார். நேற்று ஜெபராஜ் அண்ணாச்சி கடைசியாக ஒருதரம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். புது மில், ஆறு மாச வேலை, பேனலுக்குத் தலையாளாக அய்யாத்துரைதான் வேண்டும், இல்லையென்றால் வேற ஊரிலிருந்து ஆள் கூப்பிட்டுவிடுவேன், நாளைக்குக் கோயில்ல ஆராதனை முடிஞ்சதும் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுறேன், ஆமாம் இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. என்ன சொல்லப் போறீங்க என்று இராத்திரி கேட்டதற்கு, என்னத்தச் சொல்ல, வேண்டாம்னுதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். அவருடைய போன் இதோ, மடிக்கணினிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. மணி பதினொன்று நாற்பது.

ஒரு பொத்தானை அமுக்கினால் உச்சியில் உள்ள உ போய்விடும். போன சுவடு தெரியாது. எரிந்துபோன போர்டு சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கிறது, அதை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள். புது போர்டில் அடாப்டரைச் செருகத் தனியாக உருண்டைச் சாக்கெட், ஒரு குண்டு வாய், வைத்துவிடலாம், தொட்டிக் கம்பிக்கு வேறு வாய், மாற்றிச் செருகவே முடியாது, எழுத்தே தேவையில்லை. அதுதான் நல்ல வடிவமைப்பும்கூட, டிப்ளமோவில் வாத்தியார் சொல்லித்தந்ததும் அதுதான், ஆளை நம்பாதே, வாயை மாற்று. மூளை அந்தக் குண்டு வாயை எங்கே வைக்கலாம் என்று உடனே அளக்க ஆரம்பித்துவிட்டது, வலது ஓரத்தில் வைத்தால் டயோடு இடிக்கும், டயோடைத் திருப்பிப் போட்டால் இடிக்காது, சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று அவளே அவளைத் திட்டிக்கொண்டாள். அவரைப் பேனல் வேலைக்குப் போகச் சொல்ல வேறு வழியா இல்லை. எல்லாருக்கும் ஒருநாள் தப்பு வரும், விடுங்க, போங்க என்று பெரிய மனசு பண்ணுகிற மாதிரி சொல்லலாம். அதை ஏற்கெனவே நாலு தடவை சொல்லியாயிற்று. மன்னிக்கிற பாவனையில். தப்பே செய்யாத ஆளைப் போய் இவள் மன்னித்திருக்கிறாள், நாலு தடவை. அதை நினைத்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? அவர் கத்த மாட்டார். கத்தினால் தேவலை. விடு, அதுல என்ன இருக்கு என்பார். அந்த விடு என்ற வார்த்தையை எப்படித் தாங்குவது. அண்ணனிடம் சொல்ல வேண்டும், மதினியிடம் சொல்ல வேண்டும், நான்தான் தப்பாப் போட்டேன், அவரு சரியாத்தான் மாட்டுனாரு என்று அதே கூடத்தில் நின்று சொல்ல வேண்டும். படித்தவள், படித்தவள் என்று இரண்டு வீட்டிலும் ஒரு பேர் இருக்கிறது, வேலை வெட்டி எதிலும் கிடைக்காத மரியாதை அந்த ஒரு பேரில்தான் வந்துகொண்டிருந்தது. அதற்காக அவர் சுவர் கொத்திக்கொண்டே கிடக்கட்டுமா. கிடக்கட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லத்தான் செய்தது, அவளுக்கே கேட்டது. விரல் அந்தப் பொத்தானின் மேல்தான் இருந்தது. அதை எடுக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை.

கருகுகிற வாடை வந்தது. போர்டில் இருக்கிற ஐசி சிப்புதான் போகிறது என்று நினைத்துக் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள், எந்த ஐசி, எங்கே கரண்ட், ஒன்றுமில்லை, குழம்பு அடிப்பிடிக்கிறது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். கரண்டியால் கிளறினால் அடியில் கறுப்பாகப் பெயர்ந்து வந்தது, கிளறியிருக்கக் கூடாது, கிளறினதில் குழம்பு முழுக்க வாடை ஏறிவிட்டது. இதையும் அவர் சாப்பிடுவார். நல்லாத்தான் இருக்கு என்பார். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எப்படித் தொடங்குவது. இங்க பாருங்க, ஒரு விஷயம். வேண்டாம், விஷயம் என்றால் பயந்துவிடுவார். அந்தப் போர்டு இருக்குல்ல. எந்தப் போர்டு என்பார், அப்போது வாய் அடைத்துப்போகும். அழுதுகொண்டே சொல்லிவிடலாமா, அழுதால் அவர் தேற்ற ஆரம்பித்துவிடுவார், தேற்றுகிற வேலையும் அவர் தலையில்தான் விழும், அதுவும் ஒரு தந்திரம்தானே. சாப்பாடு முடியட்டும். சாப்பாட்டுக்குள் பன்னிரண்டு ஆகிவிடும், அவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், சொன்ன பிறகு சொல்லி என்ன பிரயோஜனம். ஜெபராஜ் அண்ணாச்சிக்கு இன்றைக்குப் பிரசங்கம் நீண்டுபோகட்டும், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் நீளட்டும் என்று இந்த வீட்டிலிருந்துகொண்டு அந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளையாரிடம் வேண்ட வாய் வரவில்லை, அவர்மேல் கோபமாக இருந்தது, பிறகு அவர் என்ன செய்வார் பாவம் என்றும் இருந்தது. மேலே சத்தமே இல்லை. எவ்வளவு நேரமாகச் சத்தமில்லை? மூடியைப் போட்டுத் திருகுகிற சத்தம்கூடக் கேட்டதா என்று நினைவில்லை. கூடத்தில் போன் அடித்தது.

போய் நின்று பார்த்தாள். திரையில் ஜெபராஜ என்று வந்தது. அந்தப் பெயரைப் போனில் அய்யாத்துரையே ஒரு விரலால் தட்டிச் சேர்த்திருந்தார், கடைசியில் புள்ளி விட்டுப்போய் ஜெபராஜ், ஜெபராஜ என்றே நின்றது, இவள் திருத்துகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டும் அவர் கொடுக்கவில்லை. எடுத்து, அவரு வாராரு அண்ணாச்சி, கண்டிப்பா வாராரு என்று இவளே சொல்லிவிடலாம். அவருக்காக இன்னொரு தடவை இவளே பேசிவிடலாம். அது வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள். படியில் ஈரக்கால் சத்தம் கேட்டது. அய்யாத்துரை லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கணுக்கால் வரை பாசியோடு வாசலில் வந்து நின்றார்.

"யாரு, அண்ணாச்சியா? கையெல்லாம் ஈரம். அமுக்கிக் காதுல வையி."

"கொஞ்சம் இருங்க."

"வச்சிருவாரு வடிவு."

"வைக்கட்டும்." அவள் போனை எடுக்காமல் மடிக்கணினியைத் தூக்கி அவர் பக்கம் திருப்பினாள். யோசித்துவைத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "இதுல ரெண்டு உனா இருக்கு. மேல இருக்கிறது நான் பிள்ளையார் சுழி போட்டது. கை பழக்கத்துல போட்டுட்டேன். இன்னைக்குத்தான் பாத்தேன். நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க. தப்பு என்னோடது. நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

போன் அடித்து ஓய்ந்தது. அய்யாத்துரை திரையைப் பார்த்தார். மஞ்சளாக நிற்கிற இரண்டு எழுத்தையும் பார்த்தார். ஆச்சரியப்படுவார் என்று இவள் நினைத்தாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"ரெண்டும் இருக்குன்னு தெரியும்" என்றார். "அன்னைக்கே பாத்தேன், மாட்டுறதுக்கு முன்னால."

"பாத்தீங்களா?"

"மேல பெருசா ஒண்ணு, கீழ சிறுசா ஒண்ணு. எதுலன்னு உங்கிட்ட கேக்கத்தான் அடுப்படிக்கு வந்தேன். உங்க மதினி, அவுக அம்மா எல்லாரும் உன்னச் சுத்தி நின்னாக. அத்தன பேருக்கு முன்னால எது உனான்னு கேட்டா, இவனுக்கு எழுத்தே தெரியலன்னு ஆயிரும்." லுங்கி நுனியால் கையைத் துடைத்தார். "தண்ணி வேணும்னு கேட்டேன். நீ செம்புல மோந்து குடுத்த. குடிச்சிட்டு வந்து, பெருசா இருந்ததுல மாட்டுனேன்."

தண்ணீர் கொடுத்தது அவளுக்கு நினைவு வந்தது. அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், பேச்சு வாக்கில், செம்பை நீட்டியது நினைவு வந்தது. போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவரே எடுத்துக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி... ஆமா, கீழ எறங்கி வாரதுக்குள்ள நின்னுருச்சு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இவள் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வாரேன் அண்ணாச்சி. பேனலுக்கே வாரேன். ஆனா ஒண்ணு, எழுத்து எதுனாச்சும் வெளங்கலன்னா நான் கேப்பேன். யாரு நின்னாலும் கேப்பேன். கேட்டா சொல்லணும்."